கூபர் பெடியில் டயருக்காகக் காத்திருந்தபோது

ஜனவரி 2, இரவு, போர்ட் அகஸ்டா

அடிலெய்டிலிருந்து 300 கிலோமீட்டர் வந்தாயிற்று. இதுவரை எழுத ஒன்றும் இல்லை. வடக்கே டார்வின் வரை போகிற ஸ்டூவர்ட் ஹைவே இங்கேதான் தொடங்குகிறது, நாளையிலிருந்துதான் நிஜமான பாலைவனம். ஜனவரியில் இந்தப் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் யாரும் போக மாட்டார்கள், குளிர்காலத்தில்தான் இங்கே சீசன். ஆனால் இவருக்கு லீவு கிடைத்தது இப்போதுதான், பாலைவன நடுவில் நிற்கிற உலுரு என்ற பெரிய சிவப்புப் பாறையைப் பார்த்தே தீருவேன் என்பதும் இவருடைய பிடிவாதம்தான். வெயிலைப் பற்றி நான் புலம்பக் கூடாது, வழியில் நான் எங்கே நிறுத்தச் சொன்னாலும் இவர் நிறுத்த வேண்டும், இதுதான் ஒப்பந்தம்.

நாளை ராத்திரி கூபர் பெடியில் தங்கல். "ஒரு ராத்திரி தூங்கி எழுந்து கிளம்பிடலாம், அங்க என்ன இருக்கு பார்க்க" என்கிறார். தண்ணீர் கேன்களை நிரப்பிப் பின்சீட்டுக்குக் கீழே வைத்தாயிற்று.

ஜனவரி 3, இரவு, கூபர் பெடி

விடியற்காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் போய்ச் சேரலாம் என்று தோன்றும். ஆனால் இருட்டிலும் மசங்கலிலும் கங்காருக்கள் ரோட்டுக்கு வந்துவிடும், அதனால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே புறப்பட்டோம். ரோடு என்றால் நேர்கோடு. இரண்டு பக்கமும் சிவப்பு மண், முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் புதர், அவ்வளவுதான். சில இடங்களில் ரோட்டின் மேலேயே வெள்ளைக் கோடுகள் போட்டு அகலப்படுத்தியிருக்கிறார்கள், அவசரத்துக்கு ஃப்ளையிங் டாக்டர் விமானம் இறங்குவதற்காக. அதைப் பார்த்ததும் இவர் தானாகவே வேகத்தைக் குறைத்தார். எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை.

பிம்பா தாண்டி ஹார்ட் ஏரியில் நிறுத்தினோம். ஏரி என்று பெயர்தான், சொட்டுத் தண்ணீர் கிடையாது, கண் கூசுகிற உப்பு. பக்கத்திலேயே ரயில் தண்டவாளம். இந்த வட்டாரம் முழுக்க ஊமெராவின் ராக்கெட் சோதனை நிலம், 1947இலிருந்து இருக்கிறது. ஹைவே அதன் வழியாகத்தான் போகிறது, ஆனால் ஹைவேயை விட்டு இஷ்டத்துக்கு உள்ளே இறங்க அனுமதி இல்லை. ஐந்து நிமிடம் உப்பின் மேல் நடந்ததற்கே செருப்பின் அடி கொதித்தது.

க்ளெண்டாம்போவில் ஊர்ப் பலகையில் மக்கள் தொகை எழுதியிருக்கிறார்கள்: ஆடு 22,500, ஈ சுமார் 20 லட்சம், மனிதர் 30. ஈக் கணக்கு குறைவு என்பது என் கருத்து. அங்கிருந்து கூபர் பெடிக்கு 250 கிலோமீட்டர், நடுவில் பெட்ரோலும் கிடையாது, போன் சிக்னலும் கிடையாது. அந்த நடுவில்தான் பின்பக்கத்து இடது டயர் வெடித்தது.

மணி ஒன்று. காரின் திரையில் வெளி வெப்பம் 44. ஓரத்தில் மண் பொலபொலவென்று இருந்ததால் ஜாக்கி வைத்துத் தூக்கத் தூக்கக் கார் உயரவில்லை, ஜாக்கிதான் உள்ளே இறங்கியது. சாப்பாட்டுப் பையிலிருந்து காய் நறுக்கும் பலகையை எடுத்துக் கொடுத்தேன், அதை அடியில் வைத்ததும் நின்றது. நட்டுகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார், அடுத்த நொடியே கீழே போட்டேன், அப்படிச் சுட்டது. அப்புறம் துண்டை மடித்து அதில் வாங்கினேன். ஈக்கள் கண் ஓரத்து ஈரத்துக்கும் மூக்குக்கும் வாய்க்கும் வந்து மொய்த்தன, கை ஓங்கினாலும் போவதில்லை. ஒரு ரோடு டிரெயின் எங்களைக் கடந்து போனது, மூன்று டிரெய்லர் கட்டிய லாரி, 50 மீட்டருக்கு மேல் நீளம், அது போகும்போது எழுந்த காற்றில் எங்கள் கார் ஜாக்கி மேலேயே ஒரு ஆட்டம் ஆடியது. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. வாயைத் திறந்தால் ஈ.

ஸ்டெப்னி முழு டயர் இல்லை, அந்த ஒல்லி டயர், 80க்கு மேல் ஓட்டாதே என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் ரகம். 110இல் போக வேண்டிய ரோட்டில் 80இல் உருட்டிக்கொண்டு வந்தோம். ஊர் நெருங்குவதற்கு வெகு முன்னாலேயே ரோட்டின் இருபுறமும் வெள்ளை வெள்ளையாக மண் கூம்புகள், ஆயிரக்கணக்கில். ஒபல் என்ற ரத்தினக் கல்லை எடுக்கத் தோண்டிய மண். ஒவ்வொரு கூம்புக்கும் பக்கத்தில் ஒரு குழி. ஓடாதே, பின்னோக்கி நடக்காதே, ஆழமான குழிகள் என்று படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள். போட்டோ எடுக்கிறவர்கள்தான் பின்னால் நகர்ந்து நகர்ந்து விழுவார்களாம்.

தங்குகிற இடம் ஒரு குன்றின் பக்கவாட்டில் ஒரு கதவு. உள்ளே நுழைந்ததும் இவர் நின்று, "ஏசி சூப்பரா இருக்கே" என்றார். ஏசியே இல்லை.

ஜனவரி 4, காலை

எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஜன்னல் இல்லாத அறை, விளக்கை அணைத்தால் கண்ணை மூடியிருக்கிறோமா திறந்திருக்கிறோமா என்றே தெரியாத இருட்டு. சத்தமும் சுத்தமாக இல்லை. இவர் குறட்டை விடுவார் என்பது கல்யாணத்திலிருந்து தெரிந்த விஷயம்தான், ஆனால் அதில் இத்தனை ராகம் இருப்பது நேற்றுத்தான் தெரிந்தது.

சுவர் முழுக்க மணற்கல், சந்தனமும் ரோஸும் கலந்த நிறம், நடுநடுவே சிவப்புக் கீற்று. சுரங்கம் தோண்டுகிற இயந்திரத்தின் பல் பதிந்த வளையங்கள் அப்படியே இருக்கின்றன, யாரும் பூசி மறைக்கவில்லை. தூசி உதிராமல் இருக்க வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து அடித்துவிடுகிறார்களாம், நம் பெவிகால் மாதிரிதான். கூரையில் ஒரு ஓட்டை, அது குன்றின் உச்சி வரை போகிற காற்றுக் குழாய். வெளியே கோடையில் 45 ஆனாலும் குளிர்காலத்து ராத்திரியில் நடுங்கினாலும் உள்ளே 23, 24 என்று அப்படியே நிற்கிறது. முதல் உலகப் போர் முடிந்து வந்த சிப்பாய்கள் பதுங்கு குழியில் வாழ்ந்து பழகியவர்கள், இங்கேயும் அவர்கள்தான் இதைத் தொடங்கி வைத்தார்கள் என்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் வாழ்கிறார்கள். இதை ஒரு விந்தை மாதிரி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ இந்த வெயிலில் தகரக் கூரை போட்டு ஏசி ஓட்டுகிற மீதிப் பாதிதான் விந்தையாகத் தெரிகிறது.

ஜனவரி 4, இரவு

எங்கள் டயர் சைஸ் ஊரில் இல்லை. தெற்கிலிருந்து லாரியில் வர வேண்டும், நாளை மதியம் வரலாம், வராமலும் போகலாம். கடைக்காரர் அறுபது வருடத்துக்கு முன்னால் சின்னப் பையனாகக் குரோஷியாவிலிருந்து அப்பாவோடு ஒபல் தோண்ட வந்தவர். அவசரமா என்று இவரைக் கேட்டார். ஆமாம் என்றார் இவர். "அப்போ தப்பான ஊருக்கு வந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

இவருக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. உலுரு ஹோட்டலுக்குப் போன் போட்டுத் தேதி மாற்றி, அதற்கு அவர்கள் பணம் பிடித்து, அதில் ஒரு மணி நேரம் போயிற்று. அப்புறம் மத்தியானம் சும்மா இருக்கப் பிடிக்காமல் நடந்து ஊரைப் பார்க்கலாம் என்றார். போனோம். தெருவில் ஒரு ஜீவன் இல்லை. மரம் என்று பெயருக்கு நாலைந்து. ஏதோ சினிமாவுக்காகச் செய்த விண்கலம் ஒன்று ரோட்டோரமாகக் கிடக்கிறது, அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது, எங்களைப் பார்த்துத் தலையைக் கூடத் தூக்கவில்லை. வியர்வை வருவதே தெரியவில்லை, அதற்கு முன்பே காய்ந்துவிடுகிறது, சட்டையில் உப்புக் கோடு மட்டும் நிற்கிறது. நம் ஊர்க் கடற்கரை வெயில் உடம்பை ஒட்டிக்கொள்கிற வெயில், இது வேறு ஜாதி. கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

மத்தியானம் முழுக்க உள்ளே. சீட்டு விளையாடினோம். நெட் மெதுவாக இருந்ததால் பேசினோம், அதாவது வீட்டுக் கடன், அவர் தங்கை கல்யாணம் என்று தினம் தள்ளிப்போடுகிற விஷயங்களை எல்லாம். சண்டை வரவில்லை, வெளியே எழுந்து போக இடமில்லாததும் ஒரு காரணம்.

ஊருக்கு உயிர் வருவது சூரியன் சாய்ந்த பிறகுதான். கடை வாசல்களில் நாற்காலி வருகிறது. கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது, ஒரு புல் கிடையாது, ஆட வருகிறவர் கையோடு சின்னதாக ஒரு செயற்கைப் புல் துண்டு எடுத்து வந்து அதில் பந்தை வைத்து அடிக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் மினுங்குகிற பந்தை வைத்தும் ஆடுவார்களாம். தண்ணீர் ஊருக்கு வெளியே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது, உப்பு, அதனால் ஊருக்கே ஒரு ஆர்.ஓ. பிளான்ட். குழாயைத் திறந்தால் இவர் "தண்ணி, தண்ணி" என்று பின்னாலிருந்து கத்துகிறார், வீட்டில் ஷவரில் அரை மணி நேரம் நிற்கிற மனிதர்.

ஜனவரி 5, இரவு

காலையில் ஓல்ட் டைமர்ஸ் மைன். 1916இல் கையால் தோண்டிய சுரங்கம். தோண்டியவர்கள் மூடிவிட்டுப் போய்விட, 1968இல் பக்கத்தில் ஒருவர் தன் பூமிக்கடி வீட்டைப் பெரிதாக்கத் தோண்டியபோது சுவர் உடைந்து சுரங்கத்துக்குள் திறந்துகொண்டதாம். உள்ளே குனிந்துதான் போக வேண்டும், ஹெல்மெட் கொடுக்கிறார்கள், இவர் ஹெல்மெட்டை எல்லாக் கூரையிலும் இடித்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் சுவரிலேயே ஒபல் கீற்றை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். டார்ச்சை நேராக அடித்தால் வெறும் பால் நிறக் கண்ணாடி. கையைக் கொஞ்சம் சாய்த்தேன், பச்சை ஓடியது. இன்னும் சாய்த்தால் ஒரு ஓரத்தில் செம்பு நிறம் எட்டிப் பார்த்து மறைந்தது. கல்லில் சாயம் எதுவும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் ஒரே அளவில் அடுக்கடுக்காக இருப்பதால் அவற்றின் நடுவே புகுகிற வெளிச்சம் பிரிந்து நிறமாகிறது. உருண்டைகள் தாறுமாறாக இருந்தால் நிறம் கிடையாது, அந்தக் கல்லுக்குப் பாட்ச் என்று பெயர், தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

1915இல் இங்கே முதல் ஒபலைக் கண்டெடுத்தது தங்கம் தேடி வந்த கூட்டத்தில் இருந்த 14 வயதுப் பையன், வில்லி ஹட்சிசன். அந்தக் கதை எல்லாப் பலகையிலும் இருக்கிறது. 1946இல் எய்ட் மைல் என்ற ஒபல் வயலில் பெரிய ஒபலைக் கண்டெடுத்து ஊருக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் டாட்டி பிரையன்ட் என்ற பழங்குடிப் பெண், அதை நான் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. அதே வயலில்தான் 1956இல் மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கல் கிடைத்தது. மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் நடந்த வருடம் என்பதால் அதற்கு ஒலிம்பிக் ஆஸ்ட்ராலிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அப்புறம் செர்பியர்களின் தேவாலயம். 1993இல் திறந்தது. படியில் இறங்கினால் உயரமான கூடம், வளைந்த கூரை, சுவரிலேயே செதுக்கிய புனிதர்கள். தூண் முதற்கொண்டு எல்லாம் ஒரே பாறையில் குடைந்தது என்பதால் எனக்கு நம் பல்லவர் குடைவரைகள்தான் நினைவுக்கு வந்தன. அங்கே உளி, இங்கே இயந்திரம். இவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பக்தியா ஏசியா என்று கேட்கவில்லை.

ஊருக்குள்ளேயே ஜுவல்லர்ஸ் ஷாப் ரோடு பக்கத்தில் யார் வேண்டுமானாலும் மண்ணைக் கிளறி ஒபல் தேடலாம், நூட்லிங் என்கிறார்கள். பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று நான் சொல்ல, பதினொன்றரை வரை இவரை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. "என்ன இருக்கு பார்க்க" என்று கேட்ட அதே மனிதர்! மண்டியிட்டு, எச்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு கல்லையும் வெயிலுக்குக் காட்டினார். கிடைத்தது எல்லாம் பாட்ச். ஒன்றில் மட்டும் ஊசி முனை அளவுக்கு நீலம் இருக்கிறது என்கிறார். என் கண்ணுக்கு இல்லை.

மதியம் மூன்று மணிக்கு டயர் வந்தது. உடனே கிளம்பலாமா என்று நான்தான் கேட்டேன், சும்மா அவர் வாயைக் கிளற. "சாயந்திரம் கங்காரு வரும்மா" என்றார் மிகுந்த பொறுப்போடு. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பிரேக்அவேஸ் போனோம். ஊருக்கு வடக்கே 30 கிலோமீட்டர் சொச்சம், அந்தகிரிஞ்ஜா மாட்டு-யங்குனிஜஜாரா என்ற பழங்குடி மக்களின் நிலம். மேட்டில் நின்று பார்த்தால் கீழே பாளம் பாளமாகப் பிரிந்து நிற்கிற குன்றுகள், வெள்ளை, காவி, கருஞ்சிவப்பு. இத்தனையும் ஒரு காலத்தில் கடலடி. வரும் வழியில் நாய் வேலி, டிங்கோக்கள் தெற்கே ஆட்டுப் பட்டிக்கு வராமல் தடுக்க 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்துக்கட்டிய கம்பி. அத்தனை நீளம், உயரம் மட்டும் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம்தான்.

ஜனவரி 6, மதியம், குல்கெரா

காலையில் கிளம்பும்போது டயர்க் கடைக்காரர் காற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த தடவை ஜூலையில் வாருங்கள் என்றார். ஜூலையில் கூட்டமாக இருக்குமே என்றார் இவர், ஏதோ சொந்த ஊர் மாதிரி. மார்லாவில் பெட்ரோல் போட்டு, நிற்காமல் நார்தர்ன் டெரிட்டரி எல்லையைத் தாண்டிவிட்டோம். இந்தப் பக்கம் 130 வரை போகலாம், ஆனால் புது டயர் என்று சொல்லி 100க்கு மேல் அழுத்த மறுக்கிறார். தெற்கே கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பார்கள், இங்கே அந்த வழக்கம் இல்லை, அதனால் எல்லை தாண்டியதும் மணி ஒன்றிலிருந்து பன்னிரண்டாகிவிட்டது. இன்னும் சாப்பாட்டு நேரம் ஆகவில்லை என்று நான் சொல்கிறேன். அந்த மணியில் ஏற்கெனவே பசித்துவிட்டது என்கிறார், பை திறந்தாயிற்று, காய் நறுக்கும் பலகையில் இன்னும் ஜாக்கியின் தடம் இருக்கிறது, வெள்ளரிக்காயைக் கையிலேயே வைத்து நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.