ஏறினால் சிவப்பு

மென்பொருள் திரைகளை வடிவமைப்பது என் வேலை. லாபம் என்றால் பச்சை, நஷ்டம் என்றால் சிவப்பு. பல வருடங்கள் இதே பழக்கத்தில் ஓட்டிவிட்டேன். ஏன் என்று யோசித்ததே இல்லை.

ஷாங்காயில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்கு விற்பனை அறிக்கைத் திரை ஒன்று செய்தோம். வீடியோ அழைப்பில் காட்டினேன். நல்ல வளர்ச்சி, எண்கள் எல்லாம் பச்சை. அவர்களின் நிதி அதிகாரி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சரிவா?" என்றார். எண்களுக்கு முன்னால் இருந்த பிளஸ் குறியைக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. சீனப் பங்குச் சந்தையில் விலை ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. தைவானிலும் அப்படித்தான். தினமும் அதையே பார்க்கிற கண்ணுக்கு என் திரை முழுக்க நஷ்டம்.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. நாடுவாரியாக நிறங்களுக்குப் பொருள் சொல்லும் அட்டவணை ஒன்று எங்கள் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்புக்கு நேரே 'கிழக்காசியா: அதிர்ஷ்டம், மகிழ்ச்சி' என்று ஒரே வரி. சீனக் கல்யாண உடை, புத்தாண்டுக்குப் பணம் வைத்துத் தரும் சிவப்பு உறை எல்லாம் நினைவுக்கு வந்தன. சரி, பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். கொரியப் பதிப்பில், அதிகம் விற்ற பத்துப் பேரின் பெயர்களைச் சிவப்பில் போட்டுவைத்தேன். கொரியாவைச் சேர்ந்த சக ஊழியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: உயிரோடு இருப்பவர் பெயரை அங்கே சிவப்பில் எழுதமாட்டார்கள், அது சாவை நினைவூட்டும். பாராட்டுகிறேன் பேர்வழி என்று பத்துப் பேரையும் வழியனுப்பியிருக்கிறேன்.

ஆனால் அதே கொரியாவில் பங்கு விலை ஏறினால் சிவப்புதான். இறங்கினால் பச்சை இல்லை, நீலம்! ஜப்பான் இன்னும் வேடிக்கை. அங்கும் ஏறும் பங்குக்குச் சிவப்பு உண்டு. ஆனால் பற்றாக்குறைக்கான சொல் 'அகாஜி', அதாவது சிவப்பு எழுத்து. கணக்கேட்டில் சிவப்பு மையால் எழுதிய வழக்கம் சொல்லாகவே நின்றுவிட்டது. ஒரே ஆள் இரண்டையும் படிக்கிறார், குழம்புவதில்லை. நிறம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை அவர் பார்க்கிறார். எங்கள் அட்டவணையில் அதற்குக் கட்டமே கிடையாது.

சிவப்பில் வரும் பிழைச் செய்திகளை மட்டும் நான் தொடவில்லை. ஷாங்காயிலும் சிக்னலில் சிவப்பு விழுந்தால் வண்டி நிற்கத்தான் வேண்டும்.

இப்போது ஏற்ற இறக்க நிறங்களைப் பயனரே மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் அம்புக்குறியும் வைத்துவிட்டோம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்காக அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

போன வாரம் குழு அரட்டையில் யாரோ விற்பனை கூடிய சந்தோஷத்தில், ஏறும் வரைபட எமோஜி ஒன்றைப் போட்டார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே போகும் கோடு சிவப்பு. எமோஜி ஜப்பானில் பிறந்த சங்கதி ஆயிற்றே. இதே படத்தை நானே எத்தனை முறை அனுப்பியிருப்பேன்!