நட்ட புதர் தானாகப் பெருகும் வரை

வறண்ட கரட்டில் நட்ட செடிகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதைத்தான் நடவு அறிக்கைகள் கேட்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். சேலம், தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துச் சரளைச் சரிவுகளில் முக்கியமான கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நட்டவற்றின் விதை தானாக விழுந்து முளைத்து, ஒரு கோடையைத் தாண்டியதா? தாண்டவில்லை என்றால், நட்ட செடிகள் மூப்பெய்தியதும் அந்தச் சரிவு மறுபடி மொட்டையாகும்.

இந்த நிலத்தில் முதலில் நம்பக்கூடிய புதர்கள் விராலியும் ஆவாரையும். இரண்டையும் ஆடு அதிகம் மேயாது. ஆவாரை பயறுக் குடும்பம்தான் என்றாலும், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு அதற்குக் கிடையாது. மண்ணில் தழைச்சத்து சேர வேண்டுமானால் கூடவே வேர்முடிச்சுள்ள கொழிஞ்சியும் தூவ வேண்டும். விராலியில் பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நாற்றங்காலில் பார்த்து இன்னதென்று சொல்ல முடியாது. வரிசையாகத் தூரதூரமாக நட்டு அதில் பாதி செத்துப்போனால், அருகில் ஆண் செடி இல்லாத பெண் செடிகளில் விதை பிடிப்பது குறைகிறது. ஐந்தாறு கன்றுகளை ஒரு மீட்டர் இடைவெளியில் கூட்டமாக நட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

விராலி விதையின் தோலுக்குள் நீர் இறங்காது. கொதித்து இறக்கிய நீரை விதைமேல் ஊற்றி, ஆறவிட்டு, இரவு முழுக்க ஊறவைத்தால் உப்பிவிடும். நாற்றங்காலுக்கு இது சரி. சரிவில் நேரடியாகத் தூவும்போது எல்லா விதையையும் இப்படி எழுப்பிவிடுவது ஆபத்து. ஆகஸ்டில் ஒரு நல்ல மழை பெய்ததும் அத்தனையும் முளைத்து, அடுத்த மழை வருவதற்குள் கருகிவிடும். பாதியை வெந்நீரில் போட்டு, மறுபாதியை அப்படியே கலந்து தூவுங்கள். எழுப்பாத விதை மண்ணில் கிடந்து வடகிழக்குப் பருவமழைக்கோ, அதற்கடுத்த ஆண்டுக்கோ முளைக்கும்.

ஆனாலும் விதையைவிட நீர்தான் இந்த வேலையைத் தீர்மானிக்கிறது. 4 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில், சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டிய சமமட்டக் குழி ஒன்று 1000 லிட்டர் பிடிக்கும். 100 சதுர மீட்டருக்கு ஒரு குழி என்றால், அந்தப் பரப்பிலிருந்து ஓடிவரும் நீரில் 10 மில்லிமீட்டரை நிறுத்தலாம். அதற்குமேல் வருவது வழிந்து ஓடத்தான் செய்யும். அதனால் மேல்வரிசையின் இரு குழிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைக் குழி அமைய வேண்டும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம், குழி விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும்; விளிம்பிலேயே குவித்தால் முதல் மழையில் குழிக்குள்ளேயே சரிந்துவிடும். செடியைக் குழியின் அடியில் நட்டால் நவம்பரில் நீர் தேங்கி வேர் அழுகும். கரைமேல் நடுவதே சரி.

மட்டம் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு கம்பு, ஒரு குறுக்குச் சட்டம், நூலில் தொங்கும் ஒரு கல் போதும். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கிக் கட்டும் கல்வரப்புக்குத்தான் மட்டத்தில் கண்டிப்பு அதிகம் வேண்டும். எங்காவது ஓரிடம் நான்கு விரல் தாழ்ந்திருந்தாலும் வரப்பு முழுவதன் நீரும் அந்த வாய் வழியே பாய்ந்து, முன்பு இல்லாத ஓடையொன்றை அறுத்துவிடும். வரப்பே கட்டாமல் இருந்திருந்தால் இவ்வளவு கேடு வந்திருக்காது.

தானாக முளைத்த கன்றுகளைத் தேடுபவர்கள் தாய்ச்செடியின் அடியில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். விராலிக் காய்க்கு இறக்கை உண்டு. காற்று அதைத் தூக்கிப்போய் எங்காவது தடுப்பில் சேர்க்கும். கல்வரப்பின் மேல்புறம், பாறை இடுக்கு, சருகு ஒதுங்கிய மூலை ஆகிய இடங்களில்தான் கன்று நெருக்கமாக இருக்கும். மழைத்துளி அடித்து இறுகிய வெட்டவெளியில் விதை தங்குவதே இல்லை. அங்கே, காய் முற்றிய விராலிக் கிளைகளை வெட்டி சரிவுக்குக் குறுக்கே பரப்பினால் விதையும் சேரும், அதற்கு மூடாக்கும் கிடைக்கும்.

எண்ணுவதற்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் போதும். பாறையில் பெயின்ட் குறியிட்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைக்க வேண்டும். ஜனவரியில் எண்ணினால் எல்லா இடமும் பச்சையாகத் தெரியும். அந்த எண்ணை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கோடை கழிந்து ஜூலையில் மறுபடி எண்ண வேண்டும். 10 சென்டிமீட்டருக்குக் கீழ், 10 முதல் 50 வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் நிலை புரியும். ஆண்டுதோறும் முதல் வகை மட்டுமே நிறைந்திருந்தால் முளைப்பு இருக்கிறது, பெருக்கம் இல்லை. விடத்தலை போன்ற முட்புதர்கள் வேரிலிருந்தும் கிளைக்கும் என்பதால், ஓரமாகத் தோண்டிப் பார்த்த பிறகே அதை விதைக்கன்று என்று எழுத வேண்டும்.

புதர்கள் ஆளுயரம் வளர்ந்ததும் பழம் தின்னும் சின்னான் குருவிகள் வந்து உட்காரும். அவற்றின் எச்சத்திலிருந்து, யாரும் நடாத காரை, சூரை முட்புதர்களும் அடியில் முளைக்கும். சில இடங்களில் சந்தனமும் வரும். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சி வாழும் மரம். அதனால் அதைச் சுற்றியுள்ள புதரை, துப்புரவு செய்கிறோம் என்று வெட்டுவது அந்தக் கன்றையே கொல்வதற்குச் சமம். இதே பறவைகள் உண்ணிச்செடி என்ற களைப்புதரையும் கொண்டுவரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதைப் பூக்கும் முன்பே, தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வேர்க்கழுத்தில் வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் முன்னைவிடத் தழைத்து வரும்.

ஆடுகளை முதல் சில ஆண்டுகள் உள்ளே விடக் கூடாது. மேயாவிட்டாலும், குளம்படி பட்டே கன்று சாகும். ஆனால் புல்லை ஊராரே அறுத்துச் செல்ல வழி விடுவது மிக அவசியம். மார்ச்சில் காய்ந்து நிற்கும் புல்லில் தீ விழுந்தால் பெரிய விராலி அடியிலிருந்து துளிர்த்துவிடக்கூடும். இரண்டாம் தலைமுறைக் கன்றுகள் பிழைக்காது.

ஜூலைக் கணக்கில் நடுத்தர உயரக் கன்றுகள் தென்படும் பகுதியில் மேலும் நட வேண்டியதில்லை. அங்கே குழி தோண்டினால், வேர் ஊன்றிய கன்றுதான் மிதிபட்டுப் போகும். ஜூலையில் ஒன்றுகூட மிஞ்சாத இடங்களுக்கு மட்டும், அதே கரட்டில் எடுத்த விதையோடு செப்டம்பர் கடைசியில் போனால் போதும்.