எங்க ஊர் முனி

ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனிலிருந்து வடமேற்கே கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டரில் கில்காய் என்று ஓர் ஊர். அவருக்கு அங்கே ஓர் இறைச்சி ஆலையில் மெஷின் பராமரிக்கிற வேலை கிடைத்தது. ("ஃபேக்டரி" என்று மட்டும்தான் மாமியாருக்குத் தெரியும். எதற்கு வம்பு?) எப்போதும் நைட் ஷிஃப்ட். வீட்டில் நானும் நாலு வயசு மகளும் மட்டும். பின்வேலிக்கு அப்பால் யூகலிப்டஸ் மரங்கள், அதற்கப்புறம் இருட்டு.

அக்டோபரில் ஒருநாள், ராத்திரி இரண்டு மணி இருக்கும், அந்தச் சத்தம் கேட்டது. முதலில் யாரோ பெரிய ஆள் குறட்டை விடுகிற மாதிரி இழுத்தது. உடனே பன்றி உறுமல். நின்று, மறுபடி இழுப்பு, மறுபடி உறுமல், ஸ்டார்ட் ஆகாத புல்லட்டை விடாமல் உதைப்பதுபோல. விடியும்வரை லைட்டை அணைக்கவில்லை.

காலையில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன். முகத்தில் சிரிப்பே இல்லாமல், "யோவியாக இருக்கும்" என்றார்.

யோவி என்றால் ஆளைவிடப் பெரிய, உடம்பெல்லாம் முடியுள்ள, இரண்டு காலில் நடக்கிற குரங்கு மனிதன். 1979 டிசம்பரில் இந்த ஊர்ப் பக்கம் பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் பார்த்ததாகச் சொல்ல, கில்காய் அதையே பிடித்துக்கொண்டது. பூங்காவுக்குப் பெயரே யோவி பார்க், உள்ளே சிலையும் உண்டு. எங்கள் ஊர் எல்லையில் நிற்கிற முனியப்பனுக்கு அரிவாளும் மீசையும் இருக்கும், இதற்கு முடி மட்டும்தான். மகள் பயமே இல்லாமல் அதன் காலைக் கட்டிக்கொண்டாள்.

யோவி என்ற பெயர் நாடு முழுக்கப் பரவியது 1970களில்தான். ஆனால் முடி மனிதன் கதை பூர்வகுடி மக்களிடம் வெகுகாலமாக, இடத்துக்கொரு பெயரில் இருக்கிறது. வெள்ளைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மெக்கூயி என்பவர் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரைப் பக்கம் வாலில்லாத, கறுத்த முடியுள்ள குரங்கைப் பார்த்ததாக 1882இல் பத்திரிகைக்கு எழுதினார். நாற்பது பவுண்டு கொடுத்தால் ஒன்றைப் பிடித்து மியூசியத்துக்குத் தருகிறேன் என்றாராம்! ஆஸ்திரேலியக் காட்டில் மனிதக் குரங்கு என்ன, சாதாரணக் குரங்குகூடக் கிடையாது. எனக்கு அதுதான் பெரிய அதிசயம். மதிலில் காயவைத்த வடகத்தைக் குரங்கு தூக்காத ஒரு நாடு!

ஒரு வாரம் கழித்துப் பாட்டி டார்ச்சோடு வந்து கூப்பிட்டார். மரக்கிளையின் கவட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டை. தலையைப் பின்னால் சாய்த்து, அதே குறட்டை, அதே உறுமல். ஆண் கோலா, துணையைக் கூப்பிடுகிற சீசனாம். பொம்மைக் கடையில் பார்த்த முகத்துக்கும் அந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. "அப்ப யோவி?" என்றேன். "அது இன்னும் உள்ளே இருக்கும்" என்று காட்டைக் கைகாட்டினார், அப்போதும் சிரிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகள் சிலைப் படத்தை அம்மாவிடம் காட்டினாள். "பாட்டி, எங்க ஊர் முனி!"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "நம்ம முனிக்குச் சுருட்டு, சாராயம். இதுக்கு என்னடி படைப்பாங்க?"

மகள் யோசிக்கவே இல்லை. "சாக்லேட்!" உள்ளே பிளாஸ்டிக் பொம்மை வைத்து, யோவி என்ற பேரிலேயே விற்கிறார்களே, அது.

"அப்ப சைவம்தான்" என்றாள் அம்மா.