மருந்துக் கிடங்குக்கு மென்பொருள் தேடியபோது

மதுரையில் மொத்த மருந்து விற்பனை எங்கள் தொழில். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வரை உள்ள மருந்துக் கடைகள் காலையில் ஆர்டர் சொன்னால் மாலைக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும். பில் போட ஏற்கெனவே ஒரு மென்பொருள் உண்டு. எந்த மருந்து எத்தனை இருக்கிறது என்று அது சொல்லும். எந்த ரேக்கில் இருக்கிறது, எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) முதலில் வெளியே போக வேண்டும் என்று சொல்லாது. அதெல்லாம் பல வருடமாகச் சரக்கு எடுக்கும் ஓர் அண்ணனுக்குத்தான் அத்துப்படி. அவர் ஒரு காதுகுத்துக்கு ஊருக்குப் போனால், அன்று பாதி பார்சல் இரவில்தான் கிளம்பும். இதையும் சொல்லும் நல்ல கிடங்கு மென்பொருள் ஒன்றைப் பார்க்கும்படி முதலாளி என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

வந்த பிரதிநிதிகள் எல்லோருடைய மடிக்கணினியிலும் எல்லாம் அழகாக ஓடியது. அவர்கள் கொண்டுவந்த மாதிரிக் கணக்கில் ஒரு பொருளுக்கு ஒரே விலை, ஒரே பேட்ச், எல்லாப் பெட்டியிலும் பார்கோடு. இப்படி ஒரு கிடங்கு எங்கே இருக்கிறதோ! அடுத்த சுற்றில் அந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டு, எங்கள் இருப்பையும் எங்கள் பில்களையும் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

அதற்கு நான் எடுத்தது 2025 செப்டம்பர் 22-ஐ ஒட்டிய வாரம். பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்த நேரம். பழைய இருப்பின் மேல் புது விலை ஒட்ட வேண்டியதில்லை, திருத்திய விலைப்பட்டியல் இருந்தால் போதும் என்று அரசு சொல்லியிருந்தது. ஆக, பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. ஒன்று, விற்க வேண்டிய விலை வேறு. பக்கத்திலேயே புது அச்சு விலையோடு அதே மருந்து. ஒரு மென்பொருள் இரண்டையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டது. இன்னொன்று, விலை மாறினால் புதுப் பொருளாகப் பதியச் சொன்னது. இருவருக்கும் காபி கொடுத்து வழியனுப்பினோம்.

காலாவதி விஷயத்தில் இன்னொருவர் கழன்றுகொண்டார். முதலில் வந்த சரக்கை முதலில் அனுப்பும் முறை மருந்துக்குப் போதாது. நேற்று வந்த பெட்டிக்கு, மூன்று மாதத்துக்கு முன் வந்ததைவிடச் சீக்கிரம் காலாவதி வரலாம். காலாவதித் தேதியை வைத்து வரிசைப்படுத்தத் தெரியாத மென்பொருளை மருந்துக் கிடங்கில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பார்கோடு பற்றியும் நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள். 890 என்று தொடங்கும் 13 இலக்கக் கோடு, பொருள் எது என்று மட்டும்தான் சொல்லும். பேட்ச், காலாவதி இரண்டும் அதில் இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிராண்டுகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயம், அதில் இரண்டும் உண்டு. மற்ற சரக்குக்கு யாராவது உட்கார்ந்து தட்டச்சு செய்தே ஆக வேண்டும். "ஸ்கேன் செய்தால் போதும் சார்" என்றவரிடம் சாதாரண இருமல் மருந்துப் பெட்டி ஒன்றை நீட்டினேன். கேமராவில் பிடித்தார், பெயர் வந்தது. காலாவதிக் கட்டம் காலியாகவே நின்றது.

கடைசியில் மிஞ்சிய இரண்டையும் அந்த அண்ணன் கையில் கொடுத்தோம். எனக்குப் பிடித்தது, வண்ண வண்ணமாக வரைபடம் காட்டிய ஒன்று. அவரோ ஓர் ஆர்டரை எடுத்து முடித்துவிட்டு, "தம்பி, ஒரு மருந்துக்கு நாலு தடவை திரையைத் தொடச் சொல்கிறது. நான் பேனாவில் ஒரு டிக் போடுவேன்" என்றார். மற்றதில் ஒரு தொடுகைதான். இன்சுலின் போல 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவற்றைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளியிருந்தது; குளிர்ப்பெட்டியைக் கடைசியில் திறந்தால் போதும். பின்கட்டு ரேக்குகளில் சிக்னல் கிடைக்காது. அங்கே எடுத்ததையும் நினைவில் வைத்து, வாசலுக்கு வந்ததும் பதிந்துகொண்டது. அதையே முடிவு செய்தோம்.

விலைப் பேச்சில் மென்பொருளின் விலை சிறிய பகுதிதான். ஸ்கேனர், லேபிள் பிரின்டர், ஆண்டுப் பராமரிப்பு, பழைய பில் மென்பொருளோடு இணைக்கும் கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்கியபோதுதான் உண்மையான தொகை தெரிந்தது. வேண்டாம் என்று விலகினால் எங்கள் தரவு முழுவதையும் எக்செல் கோப்பாகத் தர வேண்டும் என்ற ஒரு வரிக்குத்தான் அவர்கள் ரொம்ப யோசித்தார்கள். முதலாளி அசையவில்லை. அந்த வரி ஏறிய பிறகுதான் முன்பணக் காசோலையில் கையெழுத்துப் போட்டார்.