இரண்டு சி.கே.க்கள்

லயோலா கல்லூரிப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருத்தரைப் பற்றி எழுதுகிறேன்" என்று அவசரத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நான் மனதில் வைத்திருந்த ஆளின் வகுப்பில் ஒரு நாள்கூட நான் உட்கார்ந்ததில்லை. அவரை நேரில் பார்த்ததும் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் அவர் பாடம் நடத்திய கட்டடத்துக்கும் கேன்டனில் இருக்கும் என் வீட்டுக்கும் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. அப்படியிருந்தும் போகவில்லை. இதற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஆனால் நம் லயோலாக்காரர். அதுவும் இயற்பியல். 1960இல் பி.எஸ்சி. முடித்து வெளியே போனவர் சி.கே. பிரகலாத். நான் 1987இல் பெட்டியும் படுக்கையுமாக நுங்கம்பாக்கத்தில் வந்து இறங்கினேன். நான் படித்த மூன்று வருடத்தில் அவர் பெயர் ஒரு முறைகூட என் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் மேலாண்மைப் பேராசிரியர் என்றால் என்ன வேலை என்று எனக்குப் புரிந்திருக்காது. எங்கள் ஊரில் மேலாண்மை என்றால் அப்பா கல்லாவில் உட்கார்வது.

அந்தக் கல்லாவைப் பற்றிச் சொல்லாமல் பிரகலாத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பாவுக்கு மளிகைக் கடை. பத்தடிக்கு எட்டடி. முன்பக்கம் ஒரு கம்பி. அதில் ஷாம்பு பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். யாராவது வந்து "ஒண்ணு குடுங்க" என்றால், அப்பா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, துளைபோட்ட கோட்டில் சரியாக ஒன்றைக் கிழிப்பார். அடுத்த பாக்கெட்டின் ஓரம் பிசிறாது. நான் கிழித்தால் பாதி நாள் அடுத்ததில் கசியும். திட்டு விழும்.

கடலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று இந்தியாவுக்குக் காட்டிய சின்னிகிருஷ்ணன் எங்கள் ஊர். வெல்வெட் ஷாம்பு அவர் குடும்பத்துடையது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் வீட்டுத் தொழிலை விட்டு விலகி, 15,000 ரூபாயோடு 1983இல் தனியாகத் தொடங்கியது சிக். அப்பாவின் பெயரைச் சுருக்கித்தான் அந்தப் பெயரே. பாட்டில் வாங்கிக் குளிப்பதெல்லாம் அன்றைக்கு வசதிக்காரர் சமாச்சாரம். எங்கள் கடைக்கு வருகிற பெண்கள் சீயக்காயில் இருந்து நேராகப் பாக்கெட்டுக்கு வந்தவர்கள். ஒரு சமயம் காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். முதலில் எந்தக் கம்பெனிப் பாக்கெட்டாக இருந்தாலும் சரி என்றார்கள். பிறகு சிக் மட்டும்தான் என்று மாற்றினார்கள். தெருப் பையன்கள் கெடிலம் ஆற்றங்கரையிலும் பம்புசெட்டுப் பக்கமும் காலி பாக்கெட் பொறுக்கிக்கொண்டு வந்து அப்பாவின் கல்லா மேல் கொட்டுவார்கள். ஈரமும் மண்ணுமாக இருக்கும். அப்பா குச்சியால் தள்ளித் தள்ளி எண்ணுவார்.

சரி, பிரகலாத்துக்கு வருகிறேன்.

1941இல் பிறந்தவர். இனிஷியலில் உள்ள "சி" கோயம்புத்தூர். தந்தை சம்ஸ்கிருதப் புலமை உள்ள நீதிபதி. வீட்டில் ஒன்பது பிள்ளைகள். 19 வயதில் டிகிரியோடு யூனியன் கார்பைடின் பேட்டரி ஆலையில் சேர்ந்து நாலு வருடம் வேலை பார்த்தார். நம் வீட்டு டார்ச் லைட்டில் போட்ட எவரெடி கட்டைகள் அந்தக் கம்பெனியுடையவை. அந்த நாலு வருடம்தான் தன் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பல மேலாண்மை மேதைகளின் வாழ்க்கைக் குறிப்பில் ஆலைத் தரை வராது. இவருடையதில் அதுதான் முதல் பக்கம். அப்புறம் ஐஐஎம் அகமதாபாத். 1966இல் வெளிவந்த முதல் அணியில் ஒருவர். ஹார்வர்டில் முனைவர் பட்டத்தை இரண்டரை வருடத்தில் முடித்து, 1975இல் வாங்கினார். திரும்பிப்போய் அகமதாபாத்தில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கடைசிவரை அங்கேதான்.

மிச்சிகனில் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு வந்த மாணவர் கேரி ஹேமல். இருவரும் சேர்ந்து 1990இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரைதான் "கோர் காம்பிடன்ஸ்" (கம்பெனியின் மையத் திறமை) என்ற சொல்லை உலகம் முழுக்க ஆபீஸ்களில் புழங்க விட்டது. அதில் ஒரு கணக்கு வரும். 1980இல் அமெரிக்காவின் தொலைபேசிக் கம்பெனி ஜிடிஇ 998 கோடி டாலருக்கு விற்பனை செய்தது. ஜப்பானின் மின்னணுக் கம்பெனி என்இசி 380 கோடி. 1988இல் ஜிடிஇ 1,646 கோடி; என்இசி 2,189 கோடி. எட்டே வருடத்தில் சின்னவன் பெரியவனை முந்திவிட்டான். எப்படி? கம்பெனியை மரமாகப் பார் என்கிறார்கள். இலையும் பூவும் பழமும் கடையில் விற்கிற பொருள்கள். கிளைகள் தனித்தனிப் பிரிவுகள். வேர்தான் அந்தக் கம்பெனிக்கு மட்டும் கைவந்த திறமை. ஹோண்டாவுக்கு எஞ்சின் வேர். காரும் மோட்டார் சைக்கிளும் புல் வெட்டும் எந்திரமும் ஜெனரேட்டரும் அதில் காய்க்கிற காய்கள். இலையை எண்ணிப் பார்த்து மரத்தின் பலத்தை அளக்காதே.

இந்தக் கட்டுரை என் கைக்கு ஜெராக்ஸாக வந்த கதை கொஞ்சம் கசப்பானது. டெட்ராய்ட் பக்கம் நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் 2001இல் எங்கள் பிரிவையே மூடினார்கள். மூடுவதற்கு முந்தைய வாரம் எல்லோருக்கும் அந்த ஜெராக்ஸைக் கொடுத்து, "இந்த வேலை நம் கோர் காம்பிடன்ஸ் இல்லை, வெளியே கொடுக்கிறோம்" என்று விளக்கம் சொன்னார்கள். வேலை போன ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்து அதை வரிவரியாகப் படித்தேன். படித்தால், கண்டதையும் வெளியே கொடுத்துக் கொடுத்து வேரையே அறுத்துக்கொள்கிற கம்பெனிகளைக் கண்டித்து எழுதியிருக்கிறார்கள்! எங்களுக்குக் கொடுத்த தாளில் அந்தப் பக்கமும் இருந்தது. கொடுத்தவர் அதுவரை படிக்கவில்லை போலிருக்கிறது.

பெயர் பெற்ற பேராசிரியர்கள் பொதுவாக அந்த இடத்தில் செட்டில் ஆகிவிடுவார்கள். பெரிய கம்பெனிகள் ஆலோசனைக்குக் கூப்பிடும். பிலிப்ஸ் போன்றவை இவரையும் கூப்பிட்டன. ஆனால் மனிதர் 60 வயதை நெருங்கும்போது சான் டியேகோவில் ஒரு கம்பெனியில் இறங்கினார். பெயர் பிரஜா. சாதாரண ஜனங்களும் கணினியில் தகவலைச் சுலபமாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. டாட் காம் என்ற இணையக் கம்பெனிகள் சரிந்த நேரம். மூன்றில் ஒரு பங்கு ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. கடைசியில் 2002இல் டிப்கோ என்ற மென்பொருள் கம்பெனிக்கு விற்றார்கள். தொழில் தொடங்குவதைப் பற்றிப் பாடம் சொல்கிற வாத்தியார் தானே கடை போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார் என்று இதைச் சிரிப்பாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

அடுத்ததாக அவர் எடுத்தது ஏழைகளின் சந்தையை. 2002இல் பேராசிரியர் ஸ்டுவர்ட் ஹார்ட்டோடு சேர்ந்து ஒரு கட்டுரை, 2004இல் புத்தகம். ஒரு நாளைக்கு 2 டாலருக்கும் குறைவாகச் சம்பாதிக்கிற 400 கோடி பேரைத் தர்மத்துக்குக் கையேந்துகிறவர்களாகப் பார்க்காதே, விலை தெரிந்து பொருள் வாங்குகிற வாடிக்கையாளராகவும் தொழில் முனைகிறவராகவும் பார் என்பது அதன் சாரம். அதில் ஷாம்பு பாக்கெட் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அன்று இரவே அப்பாவுக்குப் போன்.

"அப்பா, இங்க சி.கே.ன்னு ஒருத்தர் ஷாம்பு பாக்கெட்டைப் பத்தி புக்கு எழுதியிருக்கார்."

"அவர் எழுதாம யார் எழுதுவா? அவங்கப்பா கண்டுபிடிச்சதுதானே."

இவர் வேறு சி.கே., பேராசிரியர் என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. எல்லாம் கேட்டுவிட்டு அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "அவர் எத்தனை சரம் வித்திருக்காராம்?"

அப்பாவை அசத்தியது அந்தப் புத்தகத்தின் இன்னொரு அத்தியாயம், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசு வேலையில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. காசு கொடுக்கிறவர்களின் வரவில் கொடுக்க முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை. ஒரு டாக்டர் ஒரு கண்ணை முடித்துத் திரும்பினால் அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை வெளிநாட்டு விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது என்று 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். 2006இல் அம்மாவுக்குக் கண்புரை. கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போகும் வழியில் தவளக்குப்பத்தில் இருக்கிற அரவிந்தில்தான் அறுவை. லீவு போட்டு நானும் போயிருந்தேன். பச்சைத் துணி கட்டிய கண்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தபோது, புத்தகத்தில் படித்த அத்தியாயம் கண்ணெதிரே நடப்பது போல இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "பேசாம இருடா, அப்புறம் கூப்பிடறது காதுல விழாது" என்றார்.

பிரகலாத்தை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2007இல் அனீல் கர்னானி ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சந்தை அவர் சொல்கிற அளவுக்குப் பெரிதே இல்லை. சின்னப் பாக்கெட்டில் போட்டால் பொருள் மலிவாகிவிடாது, கைக்காசுக்கு வசதி, அவ்வளவுதான். ஏழைக்கு வேண்டியது வாங்குவதற்குப் பொருள் அல்ல, வேலையும் வருமானமும் என்றார். கர்னானி எங்கோ எதிர்முகாமில் இருந்து எழுதவில்லை. அதே மிச்சிகன் பிசினஸ் பள்ளியில் சக பேராசிரியர்.

நான் பல வருடம் பிரகலாத் கட்சி. இப்போது பாதிப் பாதி. அப்பாவின் கடன் நோட்டில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே ஒற்றை பீடிக் கட்டும் சில்லறை சிகரெட்டும் இருக்கும். பிரித்து விற்றால் ஏழை வாங்குவான் என்பது உண்மை. எதை வாங்குவான் என்பதைக் கம்பெனி தீர்மானிக்காது. ஆனால் கூலி வாங்கிக்கொண்டு வந்த பெண் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பாக்கெட் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்த்தவன், "உனக்கு இது தேவையில்லை" என்று சொல்கிற பக்கம் நிற்க முடியாது.

புத்தகம் படித்த சூட்டில் நானும் ஒரு காரியம் செய்தேன். 2008இல், சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு, கடலூர்ப் பக்கக் கிராமங்களுக்கு மலிவான தண்ணீர் வடிகட்டி. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா இரண்டு, நடுவில் தண்ணீரை வடிகட்டும் ஒரு கேண்டில். 200 செய்தோம், 31 விற்றது. அந்த 31இலும் பாதி இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் இரும்பு அதிகம். கேண்டில் செங்கல் நிறத்தில் அடைத்துக்கொண்டது. மாற்றுக் கேண்டில் வாங்க டவுனுக்கு வர வேண்டும், ஒரு நாள் கூலி போகும். பிரகலாத் புத்தகத்திலேயே புதுமைக்குப் பன்னிரண்டு விதி போட்டிருக்கிறார். தூசியும் மோசமான தண்ணீரும் ஏறி இறங்கும் கரண்டும் தாங்குகிற மாதிரிப் பொருளைச் செய் என்பது அதில் ஒன்று. அதைக் கோடு போட்டுப் படித்திருந்தேன். கோடு இன்னும் இருக்கிறது.

ஆன் ஆர்பருக்குப் போய் அவரைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். 2009இல் பத்மபூஷண் வந்தது. உலக மேலாண்மைச் சிந்தனையாளர் பட்டியலில் இரண்டாவது முறையாக முதலிடம். இந்தச் சமயத்தில் தோற்றுப்போன வடிகட்டிக் கதையோடு போய் நிற்பதா என்று தள்ளிப்போட்டேன். 2010 ஏப்ரல் 16ஆம் தேதி சான் டியேகோவில் இறந்துவிட்டார். 68 வயது.

அந்த வருடம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். "எந்த சி.கே.?" என்றார் பதற்றமாக. புக்கு எழுதியவர் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம அரவிந்தைப் பத்தி எழுதினாரே, அவரா" என்றார். அதற்குள் ஒரு பையன் வந்து நின்றான். அப்பா என் வடிகட்டியின் மேல் டப்பாவைத் திறந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். நாலைந்து டப்பாக்களைக் கழுவிக் காய வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார். உள்ளே இருப்பது வெளியே நன்றாகத் தெரிகிறதாம், எறும்பும் ஏறவில்லையாம். மிச்சம் இருந்தால் இன்னும் இரண்டு எடுத்துவை என்றார்.