தனிநாடு என்று அறிவித்த மறுநாள்

மதுரை புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போட்டித் தேர்வுக்காகப் படிக்க வரும் பிள்ளைகள் சிலருக்கு, ஓய்வு நேரங்களில் உலக அரசியல் சொல்லித் தருகிறேன். அவர்களில் ஒருத்தி ஆனையூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவள். "ஒரு பகுதி மக்கள் தனிநாடு என்று அறிவித்துவிட்டால், அதை ஏற்பதும் மறுப்பதும் மற்ற நாடுகளின் கையில் ஏன் இருக்க வேண்டும், சார்?" என்று சென்ற வாரம் கேட்டாள். பேச்சில் சுருக்கமாகச் சொல்ல முடியாத அந்த விடையை இங்கே எழுதுகிறேன்.

ஏட்டளவில் பார்த்தால் அது பிறர் கையில் இல்லை. நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, இயங்கும் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் ஆகிய நான்கும் இருந்தால் அது நாடு என்று 1933ஆம் ஆண்டின் மான்டிவிடியோ உடன்படிக்கை சொல்கிறது. பிற நாடுகள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அந்நாட்டின் அரசியல் இருப்பு மாறாது என்றும் சேர்த்தே சொல்கிறது. நடைமுறை வேறு. 1991 மே 18 அன்று சோமாலியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்த சோமாலிலாந்துக்குச் சொந்த நாணயமும் படையும் கடவுச்சீட்டும் உண்டு, தேர்தல்களும் நடந்துவருகின்றன. ஆயினும் 2025 டிசம்பரில் இஸ்ரேல் அங்கீகரிக்கும்வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அதை அங்கீகரிக்க முன்வரவில்லை. விடுதலையின்போது இருந்த எல்லைகளைத் தொடக்கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் 1964இலேயே முடிவு செய்திருந்ததும், நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ரா 1967 முதல் 1970 வரை போரிலும் பட்டினியிலும் அழிந்த நினைவும் அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

ஒரு பிரகடனம் உலகை எப்படியெல்லாம் அசைக்கும் என்பதற்கு நான் முதலில் காட்டுவது கொசோவோவைத்தான். 2008 பிப்ரவரி 17 அன்று அது செர்பியாவிடமிருந்து பிரிந்து தனிநாடானதாக அறிவித்தது. மறுநாளே அமெரிக்கா அங்கீகரித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ ஒரே குரலில் பேச முடியாமல் போயிற்று. ஸ்பெயின், கிரேக்கம், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஆகிய ஐந்து நாடுகள் இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. ஸ்பெயினுக்குப் பிரிவினைக் குரல் எழும் தன் கட்டலோனியா பகுதி கவலை; சைப்ரஸுக்கோ 1983இல் தனிநாடாக அறிவித்துக்கொண்டு துருக்கியின் அங்கீகாரத்தை மட்டும் வைத்திருக்கும் தன் வடபகுதி கவலை. கொசோவோ மக்கள் பட்ட துன்பத்தின் கனத்தைவிட, சொந்த வரைபடத்தில் எந்த மூலை பிய்ந்துவிடுமோ என்ற அச்சமே அந்தத் தலைநகரங்களில் முடிவைத் தீர்மானித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செர்பியாவின் முயற்சியால் ஐ.நா. பொது அவை சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. அந்தப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 2010 ஜூலை 22 அன்று பத்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் சொன்னது. கொசோவோ ஒரு நாடா, மற்றவர்கள் அதை ஏற்க வேண்டுமா என்பவற்றுக்குள் அது நுழையவே இல்லை. கவனமாக எழுதப்பட்ட அந்தக் குறுகிய விடை, நான்கே ஆண்டுகளில் வேறொருவர் கைக்குப் போயிற்று. 2014 மார்ச்சில் உக்ரைனின் கிரிமியா சுதந்திரம் அறிவித்தபோது, அந்தப் பிரகடனமே இந்த நீதிமன்றக் கருத்தைச் சான்றாகக் காட்டியது. ஒரு வாரத்தில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கொசோவோவை இன்றும் அங்கீகரிக்காத ரஷ்யாவே கொசோவோவை முன்னுதாரணமாகப் பேசியது. உக்ரைனும் கொசோவோவை அங்கீகரித்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

நமக்கு அருகிலும் அதிர்வு இருந்தது. வன்னியில் போர் நடந்துகொண்டிருந்த அந்த 2008இல், கொசோவோவின் அறிவிப்பு கட்டுக்கடங்காத முன்னுதாரணமாகிவிடும் என்று கவலை தெரிவித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. இந்தியாவும் அங்கீகரிக்கவில்லை. காஷ்மீரையும் வடகிழக்கையும் மனத்தில் வைத்திருக்கும் டெல்லியிடமிருந்து வேறு முடிவை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அதே இந்தியாதான், 1971 மார்ச் 26 அன்று சுதந்திரம் அறிவித்த வங்கதேசத்தை அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று அங்கீகரித்தது. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை கடந்து வந்திருந்தார்கள், போரும் தொடங்கிவிட்டது. வங்கதேசம் களத்தில் வென்ற பிறகும் உலகின் வாசல் உடனே திறக்கவில்லை. 1972இல் அதன் ஐ.நா. உறுப்புரிமையைச் சீனா தன் வீட்டோவால் தடுத்தது. 1974 பிப்ரவரியில் பாகிஸ்தானே அங்கீகரித்த பிறகுதான், அவ்வாண்டு செப்டம்பரில் ஐ.நா.வில் அதற்கு இடம் கிடைத்தது. எந்த அரசிடமிருந்து பிரிந்தார்களோ, அந்த அரசின் சம்மதம் எவ்வளவு பெரியது என்பதை இதில் காணலாம். சூடானின் சம்மதத்தோடு பொதுவாக்கெடுப்பு நடத்திப் பிரிந்த தென்சூடான், 2011 ஜூலை 9 அன்று நாடாகி ஐந்தே நாட்களில் ஐ.நா. உறுப்பினரானது.

இந்த இழுபறியில் அரசுகள் காத்திருக்கலாம், மனிதர்களால் முடியாது. கொசோவோவுக்கெனத் தொலைபேசிக் குறியீடு கிடைக்கும்வரை அங்குள்ளவர்களின் கைப்பேசிகள் மொனாக்கோவின் எண்ணிலும் ஸ்லோவேனியாவின் எண்ணிலும்தான் இயங்கின. பெற்றோர் ஒரு நாட்டை இழந்தும் இன்னொரு நாட்டைப் பெறாமலும் இருக்கும்போது பிள்ளைகளின் சான்றிதழ்கள் என்ன பாடு படும் என்பதை ஆனையூரிலும் திருவாதவூரிலும் உச்சப்பட்டியிலும் இருக்கும் முகாம்களுக்குப் போய் வருகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் 1971இல் நமீபியா குறித்துச் சர்வதேச நீதிமன்றம் தந்த கருத்தை மாணவர்கள் படித்தே ஆக வேண்டும் என்கிறேன். அங்கே தென்னாப்பிரிக்காவின் ஆட்சி சட்டவிரோதமானது, அதை எந்த நாடும் ஏற்கக்கூடாது என்று கடுமையாகச் சொன்ன அதே நீதிமன்றம், பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைச் செல்லாதவை ஆக்கி அந்த மக்களைத் தண்டிக்கக்கூடாது என்றும் சொன்னது. ஆட்சியை மறுப்பது வேறு, அதன் கீழ் வாழும் மனிதரின் ஆவணத்தை மறுப்பது வேறு என்ற இந்த வேறுபாட்டை எல்லா நாடுகளும் கடைப்பிடிக்க வேண்டும். முடியாத காரியமும் அன்று: 2024 ஜனவரியில் கொசோவோ மக்களுக்கு, தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் விசா விலக்கு வந்தபோது, கொசோவோவை நாடாக ஏற்க மறுக்கும் ஸ்பெயின், அவர்களுடைய கடவுச்சீட்டுகளைப் பயண ஆவணமாக ஏற்றுக்கொண்டது.