கல்யாணம் ஆகி இரண்டு வருடம் ஆறு நாள்

எனக்குக் கல்யாணம் நடந்தது 2021 பிப்ரவரி 4. சிகாகோவில் போய் இறங்கியது 2023 பிப்ரவரி 10. நடுவில் என் கணவர் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்துபோனார், கல்யாணத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நாங்கள் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தது ஐம்பது நாள்கூட இருக்காது. மனைவியாக நான் அமெரிக்காவில் குடியேறுவதற்கான விசா வேலைக்கு வக்கீல் வைக்கவில்லை, எல்லாம் நாங்களே செய்தோம். இப்போது தங்கை முறையில் ஒருத்திக்கு இதே வேலை ஆரம்பித்திருக்கிறது. அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அவர் அமெரிக்கக் குடிமகன். அதனால் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களின் மனைவிகளைப் போல வரிசை நகரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் விண்ணப்பத்தைப் பார்க்கவே மாதக்கணக்கில் ஆகும்.

முதல் சிக்கல் படிவத்தில் இல்லை, என் பெயரில் இருந்தது. நம்மில் பலரைப் போல என் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. பள்ளிக்கூடத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் வெறும் பெயர். இப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். என் கல்லூரித் தோழி ஒருத்தி அப்படிப் போய், வங்கியிலும் லைசென்ஸ் எடுக்கிற இடத்திலும் "உங்கள் பெயர் ஃப்னூவா?" என்று கேட்டுக் கேட்டு நொந்துபோனவள். அவள் சொன்னதால் விண்ணப்பம் போடும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்கினேன். யார் பெயரைச் சேர்ப்பது என்று வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. அத்தைக்கு மகன் பெயர் வர வேண்டும் என்று ஆசை. அவரோ, "பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாத்துலயும் உங்க அப்பா இனிஷியல்தானே இருக்கு, அதையே விரிச்சுப் போடு, காகிதம் ஒத்துப்போகும்" என்றார். சரி என்று சண்முகம் என்பதையே சேர்த்தோம்.

2021 ஏப்ரலில் அவர் ஆன்லைனில் ஐ-130 போட்டார், மனைவியை அழைத்துக்கொள்ளக் கணவர் போடுகிற மனு அது. அப்போது 535 டாலர், இப்போது ஆன்லைனில் 625. இங்கேதான் கல்யாணம் உண்மையானது என்று காட்ட வேண்டும். எங்களுக்குக் கூட்டு வங்கிக் கணக்கு இல்லை, சேர்ந்து வாடகை கொடுத்த வீடு இல்லை. ஆல்பம் இருந்தது. கல்யாணத்தில் எடுத்த ஆயிரத்து நானூறு படங்களைத் தேடினால், நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் மாதிரி நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் நடுவில் நாங்கள் விறைப்பாக, இரண்டு பக்கமும் மொய்க் கவரோடு யாராவது. கடைசியில் பந்தியில் அவர் என் இலையில் அப்பளம் வைக்கிற படம் ஒன்று கிடைத்தது, அதைத்தான் முதலில் வைத்தோம்.

அப்புறம் வாட்ஸ்அப். மாதத்துக்கு ஒரு பக்கம் என்று எடுத்தோம். சிகாகோவுக்கும் திருச்சிக்கும் குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேர வித்தியாசம், நான் எழுந்திருக்கும்போது அவருக்கு இரவுச் சாப்பாடு. அதனால் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் "சாப்டாச்சா?", "ம்", "என்ன?", "தோசை" தான். தமிழில் இருப்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு வேண்டும், சரியாகப் பெயர்த்தேன் என்று பெயர்த்தவர் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். செய்து கொடுத்த தோழி, "இந்தத் தோசைக்குமா உறுதிமொழி?" என்றாள். கல்யாணப் பத்திரிகையில் இருந்த 'நிகழும் மங்களகரமான சார்வரி வருடம் தை மாதம் 22ஆம் நாள்' என்ற வரிக்கு மட்டும் அவளுக்கு அரை நாள் போனது.

பதினோரு மாதம் கழித்து, 2022 மார்ச்சில் ஒப்புதல் வந்தது. அடுத்தது அமெரிக்காவின் தேசிய விசா மையம். அங்கே 325 டாலர், 120 டாலர் என்று இரண்டு கட்டணம், டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்குகிற போலீஸ் சான்று. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பிறந்தபோது பெயர் வைக்காமலே பதிந்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவே இல்லை. பெயரைச் சேர்க்க அப்பா நகராட்சிக்கு நாலு நடை நடந்தார். தங்கச்சி, உன் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பார்.

ஐ-864 என்று ஒரு உறுதிப்பத்திரம் இருக்கிறது, அதை ஒரு முறையாவது முழுசாகப் படியுங்கள். கணவர் வருமானம் அங்குள்ள வறுமைக் கோட்டுக்கு 125 சதவீதமாவது இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு 2022 கணக்கில் அது வருடத்துக்கு 22,887 டாலர். நான் குடியுரிமை வாங்கும் வரை, அல்லது ஏறக்குறைய பத்து வருட வேலைக் கணக்கு சேரும் வரை என்னைப் பராமரிக்கிற பொறுப்பு அவர் தலையில். விவாகரத்து ஆனாலும் தீராது. அம்மாவிடம் சொன்னேன். "தாலியை விடக் கெட்டியா இருக்கே" என்றாள்.

மருத்துவப் பரிசோதனையைச் சென்னையிலேயே முடித்தேன், எக்ஸ்ரே, ரத்தம், தடுப்பூசி, அவ்வளவுதான். நேர்காணல் டிசம்பரில், மும்பையில். முந்தின இரவெல்லாம் அவர் கம்பெனி பெயர், சம்பளம், நாத்தனார் பிள்ளைகள் வயது வரை மனப்பாடம் செய்தேன். அதிகாரி கேட்டது நாலு கேள்வி. கல்யாணத்துக்கு முன் எத்தனை முறை பார்த்தீர்கள் என்றார். வீடியோவில் நிறைய, நேரில் இரண்டு முறை என்றேன். தலையாட்டிவிட்டு அப்பளப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விசா கிடைத்தது.

இதற்கு மேல்தான் முக்கியமான விஷயம். கல்யாணமாகி இரண்டு வருடம் முடியாததால் விசாவில் சிஆர்1 என்று இருந்தது. அதோடு உள்ளே போனால் இரண்டு வருடத்துக்கான நிபந்தனைக் கிரீன் கார்டுதான் வரும். அது முடிவதற்கு முந்தின தொண்ணூறு நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கிற ஐ-751 மனுவைப் போட்டு, கல்யாணம் உண்மைதான் என்று மறுபடியும் முதலிலிருந்து காட்ட வேண்டும். அப்போது அதற்கு 680 டாலர், 2024 ஏப்ரலிலிருந்து 750. கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்தபின் நுழைந்தால் ஐஆர்1, நேராகப் பத்து வருடக் கார்டு. விசா மே வரை செல்லும். இரண்டு வருடம் காத்தவர்களுக்கு இன்னும் ஆறு வாரம் காப்பது சும்மா இல்லை, போனில் ஒரு சண்டையே நடந்தது. ஆனாலும் பிப்ரவரி 10க்கு டிக்கெட் போட்டோம்.

சிகாகோவின் ஓ'ஹேர் விமான நிலையத்தில், இரண்டு வருடம் முடிந்துவிட்டது என்று நானாகத்தான் சொன்னேன், திருமணச் சான்றிதழையும் கையிலேயே வைத்திருந்தேன். அந்த அதிகாரி தேதியைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார், சிஆர்1-ஐப் பேனாவால் அடித்துவிட்டு மேலே ஐஆர்1 என்று எழுதினார். சொல்லாமல் விட்டிருந்தால் கவனித்திருப்பாரோ என்னவோ.

கார்டு ஏப்ரலில் தபாலில் வந்தது. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அங்கே குடும்பப் பெயரைத்தான் மேலே போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "என்னம்மா, உன் கார்டுல என் பேரை முதல்ல போட்டிருக்கான்? தப்பா அடிச்சிருப்பான் போல, போய்க் கேட்டு மாத்திக்கோ."